‘ஜி’ என்றொரு வழக்கறிஞர்

1954-ஆம் ஆண்டு மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்: ‘உச்ச நீதிமன்றத்தின் மூத்த வழக்கறிஞர் திரு. ஜி என்பவர் பற்றியது’. நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு அது. 1952 டிசம்பர் 20 அன்று அவ்வழக்கறிஞர் தம் கட்சிக்காரரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்: வழக்கின் வழியாக மீட்கப்படும் தொகையில் 50 விழுக்காடு அவருக்கு. பம்பாய் உயர் நீதிமன்றம் இதனைத் தொழில் ஒழுங்கீனம் என்று கண்டு, 6 மாதம் தொழில் செய்யத் தடை விதித்தது. பின்னர் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இத்தகைய பங்கு ஒப்பந்தத்தைச் சாதாரண மக்கள் இருவர் செய்துகொண்டால் இந்தியச் சட்டத்தில் அது அந்த ஒரு காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது; ஆயினும் தாம் நடத்தும் வழக்கில் வழக்கறிஞரே பங்குதாரர் ஆவது ஒழுங்கீனம்தான் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 70 ஆண்டுகள் கடந்தும் வழக்கறிஞர் தொழிலின் ஒழுக்க நெறியைக் கற்பிக்கும் இடமெல்லாம் இத்தீர்ப்பு மேற்கோளாக நிற்கிறது.

ஒப்பந்தம் நடந்த நாள் தெரிகிறது. விகிதம் தெரிகிறது. ஊரும் தண்டனையும் தெரிகின்றன. தண்டனை பெற்றவர் யார் என்பது மட்டும் தீர்ப்பில் இல்லை. அவர் ‘ஜி’.

ஆய்வின் பொருட்டுத் தேவராவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இந்நாள்களில், பழைய தீர்ப்புத் தொகுதிகளில் பெயர்ச்சொற்கள் எப்படிக் கையாளப்படுகின்றன என்று குறிப்பெடுத்து வருகிறேன். மொழியியல் மாணவருக்கு இயற்பெயர் ஒரு விசித்திரமான சொல். அதற்கு அகராதிப் பொருள் தேவையில்லை. ஒருவரைச் சுட்டினால் போதும். அந்தச் சுட்டுதலையே நீதிமன்றம் நிறுத்தி வைக்கும்போது யாருக்காக அது செய்யப்படுகிறது என்பதே என் கேள்வி.

‘ஜி’ தனியொருவர் அல்லர். 1950களிலும் 60களிலும் வெளிவந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘டி’, ‘எம்’, ‘பி’ என்று வேறு சில வழக்கறிஞர்களும் ஓரெழுத்தாக நிற்கின்றனர். அதற்கும் முன்பு, 1879-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் புரிவோர் சட்டம் நடப்பிலிருந்த காலத்தில், சென்னை உள்ளிட்ட உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புத் தொகுதிகளில் ‘ஒரு வக்கீல் பற்றியது’, ‘ஒரு முதல்நிலைப் பிளீடர் பற்றியது’ என்ற தலைப்புகளைக் காணலாம். அங்கே ஓரெழுத்துகூட இல்லை. ஆள் வெறும் பொதுப்பெயராகக் கரைந்துவிடுகிறார். எல்லாத் தீர்ப்புகளும் அப்படி என்று சொல்ல வரவில்லை. பெயரோடு அச்சான வழக்குகளும் உண்டு. ஆனால் பெயரை மறைப்பது ஒரு மரபாக இருந்தது.

இம்மரபுக்கு ஒரு நியாயம் சொல்லலாம். தீர்ப்புத் தொகுதி சட்ட நெறியைப் பதிவு செய்வதற்காக உள்ளது. ஒருவரைத் தூற்றுவதற்காக அன்று. 6 மாதத் தண்டனை பெற்றவர் 7-ஆம் மாதம் தொழிலுக்குத் திரும்ப வேண்டும். அவர் பெயரைச் சட்ட நூலில் பொறித்துவிட்டால் தண்டனை ஆயுள் முழுதும் நீளும். இது அற்பமான வாதம் அன்று. ஆனால் இதே கருணை வேறு எவருக்குக் கிடைத்தது என்று பார்த்தால்தான் மரபின் உள்ளமைப்பு புலப்படும்.

1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திலேயே வன்கொடுமைக்கு உள்ளானதாக எழுந்த வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. அத்தீர்ப்பில் அச்சிறுமியின் பெயர் வெளிப்படையாக இருக்கிறது. அவ்வழக்கை நாடு அவள் பெயராலேயே அறிந்தது. 1979-இல் சட்டப் பேராசிரியர் நால்வர் எழுதிய திறந்த மடலும் அதன்பின் எழுந்த பெண்கள் இயக்கமும் சேர்ந்தே 1983-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கும் 228அ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அப்போதுதான் சேர்ந்தது. ஆக, தவறிழைத்ததாக நிறுவப்பட்ட மூத்த வழக்கறிஞருக்கு 1954-இலேயே கிடைத்த மறைப்பு, எந்தத் தவறும் செய்யாத ஒரு பெண்ணுக்குச் சட்டத்தின் உரிமையாகக் கிடைக்க மேலும் 29 ஆண்டுகள் ஆயின.

கொச்சிக்கே இன்னொரு பழைய நினைவு உண்டு. 1905-இல் கொச்சி அரசில் நடந்த குறியேடத்துத் தாத்ரியின் ஸ்மார்த்த விசாரம் கேரளத்தில் அறியாதார் இல்லை. ஒழுக்கம் தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரிப் பெண்ணை அவ்விசாரணையில் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள், ‘சாதனம்’ என்பார்கள். தமிழில் அச்சொல் கருவியைக் குறிக்கும். மலையாள வழக்கில் அது வெறும் ‘பொருள்’. பெயர் மறைக்கப்பட்டதும் அவள் அஃறிணையாகிறாள். தாத்ரியோ 60-க்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்களைச் சொன்னாள். பெயரிழந்தவள் பெயர் சொல்லத் தொடங்கியதும் ஓர் அரசே நடுங்கியது என்பதால்தான் 100 ஆண்டுகளுக்குப் பிறகும் அவ்வழக்கு பேசப்படுகிறது.

இரண்டு மறைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ‘சாதனம்’ என்ற சொல் ஒருத்தியைச் சமூகத்திலிருந்து வெட்டி எறிகிறது. ‘ஜி’ என்ற எழுத்து ஒருவரைச் சமூகத்துக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்கிறது. அவருக்கு முன்னே ‘திரு.’ இருக்கிறது, ‘மூத்த வழக்கறிஞர்’ என்ற தகுதியும் குறையாமல் இருக்கிறது. பெயர் மட்டுமே இல்லை.

நம் இலக்கண மரபில் பெயர் மறைப்புக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் பாண்டியரின் அடையாளமாகிய வேம்பு அதில் வருவதால், அதனை அகப்பாட்டாகக் கொள்ள முடியாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். பெயர் சொல்லாவிட்டாலும் அறிந்தவர்க்கு ஒரு வேப்பந்தழை போதும். ‘ஜி’ வழக்கிலும் இத்தகைய வேம்புகள் ஏராளம். பம்பாயில் 6 மாதம் தொழிலிலிருந்து விலக்கப்பட்ட, உச்ச நீதிமன்றத்திலும் மூத்த வழக்கறிஞராயிருந்த ஒருவரை அக்காலப் பம்பாய் வழக்கறிஞர் சமூகம் அடையாளம் காணத் திணறியிருக்காது. நீதிபதிகளுக்குத் தெரியும், சக வக்கீல்களுக்குத் தெரியும். அந்த எழுத்து யாரிடமிருந்து அவரை மறைத்தது? நாளை அவர் அலுவலகப் படியேறப் போகும் கட்சிக்காரரிடமிருந்து.

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இந்த அதிகாரத்தை நீதிமன்றங்களிடமிருந்து பார் கவுன்சில்களுக்கு மாற்றியது. அதன் 35-ஆம் பிரிவின்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு இடைநிறுத்தலாம், உச்சமாக மாநிலப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கலாம். ஆக, பெயர் நீக்கமே இத்தொழிலின் மரண தண்டனை. அதே பெயர் நீக்கம் தீர்ப்புத் தொகுதியில் சலுகையாக இருந்தது. ஒரே தொடர் இரண்டு எதிர்ப்பொருள்களில் வாழ்ந்திருக்கிறது.

1970களில் காட்சி மாறுகிறது. சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், கடன்பத்திர வழக்குகளைத் தாக்கல் செய்யாமலேயே செய்துவிட்டதாகச் சொல்லிக் காது கேளாத முதியவர் ஒருவரையும் ஒரு பெண்ணையும் ஏமாற்றிய விவகாரம் 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மாநிலக் குழு விதித்த 6 ஆண்டுத் தடையை இந்திய பார் கவுன்சில் ஓராண்டாகக் குறைத்திருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் தண்டனைக்குப் புதுப் பொருள் தேடினார்: தடைக்காலத்தை வீணே கழிப்பதற்குப் பதிலாக அவ்வழக்கறிஞர் தமிழ்நாட்டில் ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி செய்யட்டும் என்றார். அவ்வழக்கின் தலைப்பில் வழக்கறிஞரின் பெயர் முதலெழுத்துகளோடு முழுமையாக இருக்கிறது. பெயரும் வெளிப்பட்டது, திரும்பி வரும் வழியும் திறந்திருந்தது. பெயரைச் சொன்னால் ஆள் அழிந்துவிடுவார் என்ற பழைய அச்சத்துக்கு இதைவிட நல்ல விடை இல்லை. ஓய்வுக்குப் பின் கிருஷ்ண ஐயர் வாழ்ந்தது எர்ணாகுளம் எம்.ஜி. சாலையில்தான். தேவராவிலிருந்து பேருந்தில் அவ்வழி போகும்போதெல்லாம் அத்தீர்ப்பு நினைவுக்கு வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நான் இதுவரை சொன்ன ‘ஜி’யும் சென்னை வழக்கறிஞரும் தவறு நிறுவப்பட்டவர்கள். வெறும் புகார் நிலையில் பெயர் வெளிவருவது வேறு. 2016 ஜூலையில், கொச்சியில் ஒரு பெண்ணிடம் அத்துமீறியதாக அரசு வழக்கறிஞர் ஒருவர்மீது வழக்குப் பதிவானது. அச்செய்தி வெளியான முறை குறித்து மூண்ட சினம், கேரள உயர் நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் மோதிக்கொள்வதில் முடிந்தது. உயர் நீதிமன்றத்தின் ஊடக அறை மூடப்பட்டது. திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்றத்துக்கும் மோதல் பரவியது. நீதிமன்றச் செய்தி எழுதுவோர் நீதிமன்றத்துக்குள் நுழைய அஞ்சிய மாதங்கள் அவை. ஒருவரைப் பற்றிய ஒரு செய்திக்காக, அங்கு நடந்த எல்லா வழக்குகளின்மீதும் திரை விழுந்தது.

குற்ற வழக்குகளைச் செய்தியாக்க ஊடகங்களுக்கு நெறிமுறை விதிக்க வேண்டும் என்ற மனுக்கள் 5 நீதிபதிகள் அமர்வு வரை சென்றன. 2024 நவம்பர் 7 அன்று கேரள உயர் நீதிமன்றம் பொதுவான தடைநெறி எதையும் விதிக்க மறுத்தது. விசாரணையோ வழக்கோ முடியுமுன் ஒருவரைக் குற்றவாளி என்று ஊடகம் தீர்ப்புச் சொல்லலாகாது. பாதிக்கப்பட்டவர் தம் வழக்கின் தன்மைக்கேற்ப நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் எல்லோருக்குமாக ஒரே பூட்டுப் போட முடியாது என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றம் முன்பே காட்டிய திசையும் இதுவே. 1966-இல் மிராஜ்கர் வழக்கில், நீதிக்குத் தேவையெனில் செய்தி வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றது. 2012-இல் சகாரா வழக்கில், அத்தடை தேவைக்கும் அளவுக்கும் உட்பட்டதாக, ஒரு கால எல்லைக்கான ஒத்திவைப்பாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஒத்திவைப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். மூடிய கதவு ஒருநாள் திறக்கும் என்ற உறுதி அதில் இருக்கிறது. ‘ஜி’ என்ற கதவு தீர்ப்புக்குப் பின்னும் திறக்கவில்லை.

என் துணிபு இதுதான்: புகார் நிலையில் மறைப்பு அறம், நிறுவப்பட்ட பின் மறைப்பு சலுகை. இதைச் சொல்லும்போது நான் நடுநிலையாளன் அல்லன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாலைக்கு எடுத்த நிலத்துக்காக என் அத்தைக்குக் கிடைத்த இழப்பீட்டில் பெரும்பகுதியை அவருடைய வழக்கறிஞரே வைத்துக்கொண்டார். அத்தை எழுதிய புகார் ஊர்ப் பெரியவர்களின் சமரசத்தில் அடங்கியது. பணத்தில் ஒரு பகுதி திரும்பியது. பிறகுதான் தெரிந்தது, அவருக்கு முன்னும் இருவர் அதே வாசலில் ஏமாந்திருக்கிறார்கள். “முன்னக்கூட்டியே ஒருத்தராவது சொல்லியிருந்தா அந்தப் படியை மிதிச்சிருப்பனா?” என்று அத்தை கேட்டது ஒருமுறைதான்.

அவ்வழக்கறிஞர் இன்று உயிரோடு இல்லை. அவர்மீதான புகாரை எந்தக் குழுவும் விசாரித்து முடிக்கவில்லை; அவர் தரப்பை எவரும் கேட்கவில்லை. எனவே அவர் பெயரை இங்கு நான் எழுதவில்லை. சற்று முன்பு நான் எழுதிய விதி என்னையும் கட்டுப்படுத்தும் அல்லவா? ஆனால் அன்று அப்புகார் விசாரிக்கப்பட்டு, உண்மை என்று முடிவாகியிருந்தால், அம்முடிவு பெயரோடு அவ்வூர் நீதிமன்ற வாசலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அத்தைக்குப் பிறகு அந்தப் படியில் ஏறியவர்களுக்கு அதைப் படிக்கும் உரிமை இருந்தது.