மிச்சமும் எச்சிலும்: குப்பையில்லா வீட்டின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

குப்பையே இல்லாத வீடு என்ற சொல்லாடல் ஒரு புது ஒழுக்கமாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரம் 2010-க்குள் குப்பையை ஒழிப்பதாக அறிவித்தது. 2013-இல் பியா ஜான்சனின் 'ஜீரோ வேஸ்ட் ஹோம்' நூல் வந்தது. ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் குப்பை ஒரு கண்ணாடிச் சாடிக்குள் அடங்கிய படம் உலகம் முழுக்கப் பரவியது. நம் பக்கத்தில் இதற்கு உடனே ஒரு பதில் கிடைத்தது: "இதென்ன பெரிய விஷயம், எங்க பாட்டி அப்படித்தானே வாழ்ந்தாங்க!" இந்தப் பெருமிதத்தைத்தான் நான் கேள்விக்கு உட்படுத்த நினைக்கிறேன். பாட்டி வீட்டில் குப்பை இல்லை என்பது பொய்யல்ல. அது யார் கையால் இல்லாமல் போனது என்பதுதான் விடுபட்டுப்போன வரலாறு.

பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். சிவகங்கைப் பக்கம் நெற்குப்பை என்று ஓர் ஊரே இருக்கிறது. சாணம், சாம்பல், சருகு எல்லாம் சேர்ந்த குப்பைமேடு குடியானவரின் சொத்து. கோடையில் வண்டி வண்டியாக வயலுக்குப் போகும். குப்பைமேனியும் குப்பைக்கீரையும் அங்கே முளைத்தவைதான். அதே சமயம், பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பேர் வைத்தார்கள். வேண்டாத பொருள் என்று சாவு விட்டுவிட்டுப் போகட்டும் என்பது நம்பிக்கை. ஆக, குப்பை ஒரே சமயத்தில் செல்வமாகவும் இழிவாகவும் இருந்திருக்கிறது.

2

அழுக்கு என்பது தனக்குரிய இடத்தில் இல்லாத பொருள் என்ற பார்வையை விரித்துப் பேசியவர் மானுடவியலாளர் மேரி டக்ளஸ் (1966). நம் ஊரில் 'இடம்' என்பது சாதி. நம் மொழியில் மிச்சம் வேறு, எச்சில் வேறு. பானையில் இருப்பது மிச்சம்; மறுநாள் பழைய சோறு. வாய் பட்டது எச்சில். அது வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அப்படியானால் எங்கே போனது? ஊரிலிருந்து சேரிக்குப் போனது. பழசும் மீந்ததும் கூலியின் பகுதியாகக் கொடுக்கப்பட்டன. செத்த மாட்டைத் தூக்க ஒரு சாதி, மலத்தை அள்ள ஒரு சாதி என்று விதிக்கப்பட்டிருந்தது. உலர் கழிப்பிடத்தையும் கையால் மலம் அள்ளுவதையும் தடைசெய்ய 1993-இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டன. பாட்டி வீட்டின் பூஜ்யம் பக்கத்துத் தெருவில் கூட்டலாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்த்தது, சீயக்காய் காயவைத்து அரைத்தது, மாதவிலக்குத் துணியைத் துவைத்து யார் கண்ணிலும் படாமல் உலர்த்தியது, குழந்தையின் மூத்திரத் துணி அலசியது எல்லாம் பெண்கள். 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று இதற்குப் பெயர் சூட்டுகிறவர்கள் பெரும்பாலும் பாத்திரம் தேய்க்காதவர்கள்.

3

நான் குடியிருக்கும் அண்ணனூர் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே, மின்சார ரயில் பணிமனையை ஒட்டிய ஊர். பக்கத்து ஆவடியில்தான் 1955-இல் காங்கிரஸ் கட்சி சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1960-களில் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையும் இந்தப் பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. மாதச் சம்பளக் குடும்பங்கள் பெருகின, வயல் மனையானது. குப்பைக்குழிக்கு இடமும் இல்லை, எருவுக்கு வயலும் இல்லை. இன்று நாம் சொல்லும் பொருளிலான குப்பை, வீடும் வயலும் பிரிந்த இடத்தில் பிறந்தது என்பேன்.

பிரிந்த பிறகும் கொஞ்ச காலம் ஒரு சுழற்சி ஓடியது. கழனித்தண்ணி எடுக்க மாட்டுக்காரம்மா வருவார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய சேலைக்குப் பாத்திரம், பேப்பருக்குக் காயலான் கடை. எண்ணெய்க்குத் தூக்கு கொண்டுபோக வேண்டும். காலிப் பால் பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும்.

இதை உடைத்ததில் நம் மாநிலத்துக்கே உரிய பங்குண்டு. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனை கடலூர் சின்னி கிருஷ்ணனுடையது என்பார்கள். 'வெல்வெட்' அந்த வழியில் வந்தது. 1983-இல் அவர் மகன் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய நிறுவனத்தின் 'சிக்' பின்னாளில் 50 காசுக்கு விற்றது. பாட்டில் வாங்க முடியாத கூலிப் பெண்ணுக்கு அந்த 50 காசு, சீயக்காய் அரைக்கும் நேரத்தை மிச்சப்படுத்தியது. அவளை நுகர்வு மோகி என்று திட்ட நான் தயாராக இல்லை. லாபம் நிறுவனத்துக்கு, உறை தெருவுக்கு என்ற பங்கீடுதான் என் கேள்வி.

4

என் வீட்டு மாடியில் ஓட்டை போட்ட இரண்டு மண்தொட்டிகள் இருக்கின்றன. காய்கறித் தோல், மேலே காய்ந்த இலை, கொஞ்சம் புளித்த மோர். சில வாரங்களில் மண்ணாகிவிடுகிறது. பேப்பரும் பால் பாக்கெட்டும் காயலான் கடைக்குப் போகின்றன. சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் கடைக்காரர் தொடமாட்டார்: "அது வேலைக்காவாது சார்." பிளாஸ்டிக்கோடு அலுமினியப் படலம் ஒட்டிக் கிடக்கிறது, பிரிக்க முடியாது. ஆலையில் முடிவான ஒன்றை என் அடுப்படி எப்படித் திருத்தும்?

2019 ஜனவரி 1-ல் தமிழகத்தில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பூக்காரம்மாவின் கேரி பேக் குற்றமானது. ஆலையிலேயே அடைத்து வரும் உறைக்கு விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு 2020-இல் நீக்கப்பட்டது. பெட்டிக்கடையில் பாக்கெட்டுகள் இன்னும் சரம் சரமாகத்தான் தொங்குகின்றன.

அதே 2020-இல் துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். பெயர் மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. சென்னையில் 2000-இல் சில மண்டலங்களின் குப்பை ஓனிக்ஸ் நிறுவனத்துக்குத் தரப்பட்டது. அள்ளிய டன்னுக்கு இவ்வளவு என்று பணம். எடைதான் வருமானம் என்றால் குப்பை குறைவது நட்டம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குத் தருவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். இரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. பெரும்பான்மையோர் பெண்கள், தலித்துகள். நகரத்தின் குப்பையை அகற்றியவர்களே அகற்றப்பட வேண்டிய பொருளானார்கள்.

வீட்டைச் சுத்தமாக்குவதோடு நிற்கிற குப்பையொழிப்பு, பழைய தீட்டு ஒழுக்கத்தின் புதுப் பதிப்பாகவே முடியும். அதற்காகத் தொட்டியை உடைக்கச் சொல்லவில்லை. ஈரக் குப்பையைத் தனியே பிரிக்கும்போது கண்ணாடித் துண்டும் ஊசியும் இன்னொருவர் கையைக் கிழிக்காமல் இருக்கிறது. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். ஆனால் கணக்கு அங்கே முடியக் கூடாது. வீட்டில் அந்தப் பிரிக்கும் வேலையைச் செய்வது ஆணா பெண்ணா, உறையைத் திரும்ப எடுக்கும் செலவு யாருடையது, தெருவில் அள்ளுகிறவருக்கு நிரந்தர வேலை உண்டா என்று கேட்கத் தொடங்கினால்தான் குப்பையில்லா வீடு அரசியலாகும்.