பாச்சிலில் கிடந்த பெண்: முயலகன் பதிகத்தில் பேசும் குரல் யாருடையது?

சம்பந்தரின் திருப்பாச்சிலாச்சிராமத்துப் பதிகத்தை (முதல் திருமுறை, 44, தக்கராகம்) அகத்துறைப் பாட்டாக மட்டுமே படிக்க வேண்டும் என்ற கருத்து ஆய்வாளர் ஒரு சாராரிடம் உறுதிப்பட்டுவிட்டது. அவர்கள் சொல்வது சுருக்கமாக இது: இப்பதிகம் பிறந்த கதையாகச் சேக்கிழாரின் பெரிய புராணம் சொல்லும் அரசன் கொல்லி மழவன் பதிகத்தில் இல்லை, முயலகன் நோயுற்ற அவன் மகள் என்று ஒருத்தி இல்லை, நோயின் பெயரும் இல்லை. ஒரு பெண்ணை இப்படி வாட வைப்பது இந்த இறைவருக்குத் தகுமா என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு குரல் கேட்கிறது, அவ்வளவே. ஆகவே இவள் சிவன்மேல் காதல் கொண்டு மெலிந்த தலைவி. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு கழித்து வந்த சேக்கிழார் காதல் மெலிவை உடல் நோயாகப் பிறழ உணர்ந்தார், அல்லது அற்புதக் கதை ஒன்றுக்குச் சான்றாக இப்பதிகத்தை வளைத்துக்கொண்டார். இந்த வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன், இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. சேக்கிழார் இப்பதிகத்தை மிக நுட்பமாகக் கேட்டவர் என்பதும், துறையறிந்தே ஒரு பிணியுற்ற பிள்ளையின் குடும்பத்துக்குள் இதை வைத்தார் என்பதும் என் கருத்து.

முதலில், சேக்கிழார் பக்கம் நிற்பவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்றுகள் சிலவற்றை விலக்கிவிட வேண்டும். இன்று திருவாசி எனப்படும் அத்தலத்தில் ஆடல்வல்லானின் திருவடிக்கீழ் முயலகன் இல்லை, பாம்பு இருக்கிறது. பெண்ணின் நோய்தான் பாம்பு வடிவில் அடங்கியது என்பது ஊர் வழக்கு. இந்தப் படிமத்தைப் பதிகத்துக்குச் சான்றாக்குவது சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்பதாகும். கதையைக் கேட்டுச் சிற்பம் அமைந்திருக்கலாம், சிற்பத்தைப் பார்த்துக் கதையும் பிறந்திருக்கலாம். பாடுவோரை வினை சாராது என்ற கடைக்காப்பின் வாக்கும் உதவாது. அவ்வாக்கு பல பதிகங்களுக்கும் பொது. நாயன்மார்கள் நினைத்தால் துன்பத்தின் சூழலை வெளிப்படையாகவே சொல்வார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. சுந்தரர் திருமுல்லைவாயிலில் பாடிய பதிகத்தில் சங்கிலியின் பெயரும் வருகிறது, கண் போன செய்தியும் வருகிறது. பாச்சில் பதிகத்தில் அப்படி எதுவும் இல்லை என்பது உண்மையான குறை. இதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

ஆனால் சேக்கிழாருக்குத் துறை தெரியாது என்பது வேறு குற்றச்சாட்டு. அதைச் சோதிக்க அவர் சொந்த நாட்டுக்கே போகலாம். அவர் பிறந்த குன்றத்தூர், மேலே சொன்ன திருமுல்லைவாயில், மேற்கே பேரம்பாக்கத்தை ஒட்டிய இலம்பையங்கோட்டூர் ஆகிய மூன்றும் ஒரே நாளில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளன. தொண்டை நாட்டுப் பதிகங்கள் அவருக்கு ஏட்டில் மட்டும் கிடைத்தவை அல்ல. இலம்பையங்கோட்டூர்ப் பதிகத்திலும் (முதல் திருமுறை, 76) ஏறக்குறைய இதே கேள்விதான் வருகிறது: இங்கே வந்து இருந்துகொண்டு என் அழகைக் கவர்வது இயல்பா என்று ஒரு பெண் கேட்கிறாள். சேக்கிழார் அங்கே எந்த நோயாளியையும் கொண்டுவரவில்லை, எந்தத் தகப்பனையும் அழ வைக்கவில்லை. தன் சொல்லே இறைவன் சொல்லாக அமைவதைச் சம்பந்தர் பாடியதாக அப்பாட்டின் வேறொரு தொடரைச் சிறப்பித்துவிட்டு நகர்கிறார். காதல் மெலிவையெல்லாம் நோயாக்குவது அவர் பழக்கமாக இருந்தால், தன் ஊர்ப்பக்கத்துப் பாட்டை விட்டுவைத்திருப்பாரா? இரண்டு பதிகங்களுக்கும் வேறுபாடு ஒன்றே. இலம்பையங்கோட்டூரில் வாடுபவளே பேசுகிறாள். பாச்சிலில் வாடுபவள் வாய் திறப்பதே இல்லை, அவளைப் பற்றி வேறொருவர் பேசுகிறார். இதே அமைப்புத் திருமருகல் பதிகத்திலும் (இரண்டாம் திருமுறை, 18) உள்ளது. அங்கும் ஒருத்தி துவண்டு விழுகிறாள், மற்றொரு குரல் இது தகுமா என்று கேட்கிறது. அப்பதிகத்தையும் சேக்கிழார் பாம்பு கடித்து இறந்த துணைவனின் அருகில் கதறும் வணிகர் குலப் பெண்ணுக்காகப் பாடியதென்று வைக்கிறார். அதில் பாம்பு கடித்த பேச்சே இல்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மூன்று பதிகங்களைக் கொண்டு விதி எழுதிவிட முடியாதுதான். ஆனால் படர்க்கையில் ஒரு பெண், அவளுக்காக முறையிடும் இன்னொரு குரல், தகுமா என்ற கேள்வி ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் சேக்கிழார் உயிருள்ள ஒரு துயரைத் தேடுகிறார். இதைப் பிறழ்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனிச் சொற்கள். வாடுதல் காதலுக்கும் உரியது, நோய்க்கும் உரியது. மயல் மையலும் ஆகும், அறிவு மயக்கமும் ஆகும். இடர் என்ற சொல்லில் காதல் வாடையே இல்லை. காதல் துறைதான் முதற்பொருள், நோய் பின்னால் ஒட்டவைத்தது என்று வாதிடுவோர் அத்துறையின் பழைய வேரை மறந்துவிடுகிறார்கள். சங்கப் பாடல்களில் மகள் மெலிந்தால் தாய் முதலில் நினைப்பது நோய், அணங்கு, முருகு. வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள், கழங்கு பார்க்கச் சொல்கிறாள், மறியறுத்துப் பலி கொடுக்கிறாள். உண்மை தெரிந்த தோழி, வந்து நின்ற தெய்வத்தையே கடிந்துகொள்ளும் பாட்டும் உண்டு. நற்றிணை 34இல் முருகனுக்குக் கிடைக்கும் பட்டம் மடமை. பிணியுற்றதாகத் தோன்றும் இளம்பெண், கலங்கிய பெற்றோர், தெய்வத்தின் முன் சடங்கு, தெய்வத்தைக் குறை சொல்லும் குரல் ஆகிய நான்கும் சம்பந்தருக்கு முன்பே ஒரே துறைக்குள் சேர்ந்திருந்தவை. அத்துறையில் நோய் பொய், காதல் மெய். பாச்சிலில் அந்த முடிச்சு தலைகீழாகத் திரும்புகிறது: காதல் மொழியின் உள்ளே மெய்யான நோய் இருக்கிறது, குறை சொல்லப்படும் தெய்வமே அதைத் தீர்க்க வல்லது. சேக்கிழார் குறிக்கும் முயலகன் மருத்துவ நூல்கள் வலிப்பு வகையில் சேர்க்கும் பிணி. வடமொழியின் அபஸ்மாரம் என்ற பெயருக்கே நினைவு கெடுதல் என்று பொருள். ஆடல்வல்லானின் காலடியில் கிடக்கும் குறளனுக்கும் இரண்டு மொழியிலும் இதே பெயர்தான். காலின்கீழ் அடக்கி வைத்திருக்க வேண்டியது உன் கோயில் வாசலில் ஒரு சிறுமியின்மேல் ஏறியிருக்கிறதே, இது உனக்குப் பெருமையா என்ற கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பதிகம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அது கேட்கும் கேள்வி அந்நோய்க்குப் பொருந்துவதுபோல் காதலுக்குக்கூடப் பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது.

சேக்கிழார் அமைத்த காட்சியை மெல்லப் படிக்க வேண்டும். அருமையாகப் பெற்ற மகள், அவளைப் பிடித்த பெரும்பிணி, மருத்துவம் செய்தும் தீராத நிலை. வேறு வழியற்ற மழவன் அவளைக் கொண்டுவந்து இறைவன் முன் கிடத்துகிறான். அப்போது சம்பந்தர் வருகிறார் என்ற முழக்கம் கேட்கிறது. அவன் மகளை விட்டெழுந்து ஊரை அலங்கரித்து எதிர்கொள்ளப் போகிறான். பக்தி பிள்ளைப் பாசத்தை வென்ற இடம் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. சிறுத்தொண்டர், அப்பூதியார் கதைகளோடு இதைச் சேர்த்துவிடுவது எளிது. சேர்க்கக் கூடாது. அப்பூதியார் மகனின் சாவை மறைத்து விருந்து படைக்கிறார். மழவன் எதையும் மறைக்கவில்லை. பெண் கிடக்கும் இடம் வரவேற்பின் வழியிலேயே இருக்கிறது. உள்ளே வந்த சம்பந்தர் உணர்வு கழிந்து நிலத்தில் கிடப்பவளைப் பார்த்து, இது என்ன என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை உரைகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன, ஆனால் காட்சியே இதன்மேல்தான் நிற்கிறது. எல்லாம் அறிந்தவராகச் சேக்கிழார் போற்றும் பிள்ளை, இங்கே ஒரு தகப்பன் தன் வாயால் சொல்லட்டும் என்று கேட்கிறார். மழவனும் இவள் என் மகள், இது முயலகன், அதனால் இறைவன் திருமுன் இட்டேன் என்று சொல்கிறான். மருத்துவரைப் பழிக்கவில்லை, வேண்டுதல் பேசவில்லை, தீர்த்து வையுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்புற்ற மகனைக் கொண்டுவரும் தகப்பனிடம் நம்பிக்கை உண்டா என்ற சோதனை நடக்கிறது. அவன் நம்பிக்கையோடு அவநம்பிக்கையையும் சேர்த்தே அறிக்கையிடுகிறான். மழவனிடம் அப்படி எந்தச் சோதனையும் இல்லை. நோயுற்ற பிள்ளையை வைத்து எடுக்கப்படும் இன்றைய பக்திப் படங்கள், 2016இல் வந்த ‘மிராக்கிள்ஸ் ஃப்ரம் ஹெவன்’ உட்பட, நம்பிக்கை இழந்து மீளும் ஒருவரையும் திகைத்து நிற்கும் மருத்துவரையும் முதுகெலும்பாகக் கொண்டவை. பெரிய புராணத்தை அந்த அச்சில் படிக்கும் பழக்கம் நமக்குள்ளும் புகுந்துவிட்டது. பாச்சில் காட்சியில் அந்த இருவருக்கும் இடமே இல்லை.

இந்தக் காட்சியில் பேசாமல் இருக்கும் மற்றொருவர் தாய். வாடும் பெண்ணைப் பற்றிப் படர்க்கையில் முறையிடுவது அகமரபில் தாய்க்கும் செவிலிக்கும் தோழிக்கும் உரிய பேச்சு. சேக்கிழார் தகப்பனுக்கு மட்டும் பேச்சுக் கொடுத்துவிட்டுத் தாய் பேச வேண்டிய இடத்தைக் காலியாக விடுகிறார். அந்த இடத்தில் வந்து அமர்வது பதிகம். மழவன் அரசன், ஆண், அடியவன். இறைவனைப் பார்த்து இது உனக்கு அழகா என்று அவன் கேட்க மாட்டான், கேட்கவும் இல்லை. அந்தக் கோபத்தை வேறொரு வாய் பேச வேண்டியிருக்கிறது. பாடுகிறவரோ தானே சிறுவர், சீகாழிக் குளக்கரையில் பசித்து அழுது அம்மையிடம் பாலுண்டதாகச் சேக்கிழாரே சொல்லும் பிள்ளை. பதிகத்தின் துறை தாய்கூற்றுத் துறை என்பதைச் சேக்கிழார் மறந்திருந்தால் இந்தப் பொருத்தம் அமைந்திருக்காது. தற்செயலாக அமைந்தது என்று யாரேனும் சொன்னால் மறுக்க என்னிடம் கல்வெட்டு ஏதும் இல்லை. ஆனால் இவ்வளவு தற்செயல் ஒரே இடத்தில் கூடுவதை நம்புவதற்கு, கவிஞரின் செவியை நம்புவதைவிட அதிகத் துணிவு வேண்டும்.

பெண் என்பது ஆன்மா, வாட்டம் என்பது பிரிவு, ஆகவே நோயா காதலா என்ற கேள்வியே தேவையில்லை என்று சித்தாந்த உரை சொல்லும். எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் விடை இந்தப் பாட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. மங்கை என்ற சொல்லைக் கொண்டு அவளுக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று, ஆகவே காதலுக்கு உரியவள் என்று கணக்கிடுவதும் நிற்காது. அதே பதிகம் ஏழை என்றும் தையல் என்றும் பைந்தொடி என்றும் மாறி மாறிச் சொல்கிறது. பருவம் குறிப்பதாக இருந்தால் ஒரு சொல்லோடு நின்றிருக்கும். சேக்கிழார் தம் பங்குக்கு அவளை மழலைச் சொல் மாறாத கன்னி என்கிறார். மழலை காதற்பாட்டுத் தலைவிக்கு வழக்கமான அடையன்று, வீட்டில் இன்னும் குழந்தையாக நடத்தப்படுபவளுக்கு உரியது.

கடைசியாக ஒரு விவரம். பதிகம் முடிகிறது, பிணி விலகுகிறது, பெண் சட்டென்று தரையிலிருந்து எழுகிறாள். அற்புதக் கதையின் போக்கில் அவள் முதலில் விழ வேண்டிய இடம் பாடியவரின் காலடி. சேக்கிழார் அவளை அங்கே அனுப்பவில்லை. ஒசிந்து நடந்து வந்து அவள் தகப்பனின் பக்கத்தில் ஒட்டி நிற்கிறாள். அவன் மகிழ்ந்து, அவளையும் கூட்டிக்கொண்டு, அதன் பிறகுதான் சம்பந்தரின் அடியில் விழுகிறான்.