உயிர்காப்புக் கத்தியின் வரலாறு: மடங்காத அலகும் மறைந்திருக்கும் வாலும்

காடு, மலை, பனிவெளி, ஆளற்ற தீவு போன்ற உதவி எளிதில் எட்டாத இடங்களில் சிக்கிக்கொண்ட ஒருவர், விறகு பிளக்கவும், ஒதுங்க இடம் அமைக்கவும், கயிறு அறுக்கவும், உணவு ஆக்கவும் நம்பியிருக்கும் உறுதியான கத்தி உயிர்காப்புக் கத்தி எனப்படுகிறது. இது பெரும்பாலும் மடங்காத அலகைக் கொண்டது. மடக்குக் கத்தியில் அலகும் கைப்பிடியும் ஓர் ஆணியில் சேர்கின்றன. பக்கவாட்டில் நெம்பும்போதும் மேலிருந்து தட்டும்போதும் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த ஆணிதான். மடங்காத கத்தியில் அத்தகைய மூட்டு இல்லை.

ஆனால் மடங்காத கத்திகள் எல்லாமே உறுதியானவை அல்ல. அலகின் உலோகம் கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம், எவ்வளவு அகலமாகச் செல்கிறது என்பதே உறுதியைத் தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியை இக்கட்டுரை 'வால்' எனக் குறிப்பிடுகிறது. கடந்த இரு நூற்றாண்டுகளில் இக்கத்தி அடைந்த மாற்றங்களில் பலவற்றை இந்த வாலைக் கொண்டே விளக்கலாம்.

வாலின் வகைகளும் வலுவும்

வால் மூன்று வகைப்படும். கைப்பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் உலோகமே சென்று, இரு புறமும் மரத் துண்டுகளோ பிளாஸ்டிக் துண்டுகளோ ஆணியால் பொருத்தப்பட்டிருந்தால் அது முழு வால். எலிவால் போல ஒடுங்கிக் கைப்பிடியின் நடுவே ஓடினால் அது ஒடுங்கிய வால். கைப்பிடியின் வாயருகிலேயே நின்றுவிட்டால் அது குட்டை வால்.

வேறுபாட்டை எளிய கணக்கால் அறியலாம். கைப்பிடியிலிருந்து 12 செ.மீ. நீளும் அலகின் நுனியில் 10 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் நெம்புவதாகக் கொள்வோம். உள்ளே 2 செ.மீ. மட்டுமே வால் இருந்தால், அதன் கடைசி முனை 60 கிலோவுக்குக் குறையாத விசையைத் தாங்க வேண்டும். வால் 10 செ.மீ. இருந்தால் 12 கிலோ போதும். நெம்புகோல் தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே. பிடிமானத்தின் நீளம்தான் வேறு.

அலகும் வாலும் சேரும் தோள்பட்டை மற்றொரு பலவீனமான இடம். அங்கு வெட்டு செங்குத்தான மூலையாக இருந்தால் அழுத்தம் அம்மூலையில் குவிந்து விரிசல் தொடங்கும். அதனால் தேர்ந்த கொல்லர்கள் அந்த மூலையை வளைவாக விடுகின்றனர்.

போவி கத்தியும் அதன் புகழும்

பெரிய மடங்காத கத்திக்கு அமெரிக்காவில் புகழ் தேடித் தந்தது ஒரு சண்டை. 1827 செப்டம்பர் 19 அன்று மிசிசிப்பி ஆற்றங்கரையில், நாச்செஸ் நகருக்கு எதிரே இருந்த மணல்திட்டில் இரு தரப்பினர் மோதிக்கொண்டனர். குண்டடியும் குத்துக்காயமும் பட்ட ஜிம் போவி, தன்னிடமிருந்த பெரிய கத்தியால் எதிரி ஒருவரைக் கொன்றார். செய்தித்தாள்கள் அக்கதையை நாடெங்கும் பரப்பின. 1836-இல் அலமோ முற்றுகையில் போவி இறந்தபின் அவர் பெயர் கத்தியின் பெயராகவே நிலைத்தது. இங்கிலாந்தின் செஃபீல்டு நகரக் கத்திப் பட்டறைகள் 'போவி' வகைக் கத்திகளைச் செய்து அமெரிக்காவுக்குப் பெருமளவில் ஏற்றுமதி செய்தன.

இந்தப் புகழ் ஒரு குழப்பத்தையும் விட்டுச் சென்றது. போவி கத்தி சண்டைக்கான ஆயுதமாகப் பெயர் பெற்றது. காட்டில் வாழத் தேவையான கருவியும் அதுவே என்று வாங்குவோர் எண்ணத் தொடங்கினர்.

காட்டை அறிந்தவர்களின் சிறிய கத்தி

இந்த எண்ணத்தை மறுத்தவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதிய இவரது 'உட்கிராஃப்ட்' நூல் 1884-இல் வெளியானது. கடைகளில் விற்கப்பட்ட தடித்த வேட்டைக் கத்திகள் பார்வைக்கு அச்சமூட்டுமேயன்றி வேலைக்கு உதவா என்பது அவர் கருத்து. அவர் எடுத்துச் சென்றவை மூன்று: சிறிய இருமுனைக் கோடரி, மெல்லிய அலகுடைய மடங்காத கத்தி, ஒரு மடக்குக் கத்தி. மரத்தை வெட்டுவது கோடரியின் வேலை. ஆகவே அவரது கத்தி மெல்லியதாக இருக்க முடிந்தது.

1906-இல் வெளியான ஹொரேஸ் கெஃபார்ட்டின் முகாம் வாழ்க்கை நூலும் ஏறக்குறைய இதையே வலியுறுத்தியது. அளவான அலகும் கைக்கு இசைந்த எளிய கைப்பிடியும் போதும் என்றார் அவர்.

இதே காலத்தில் சுவீடனின் மோரா வட்டாரத்தில் மலிவான வேலைக்கத்திகள் தொழிற்சாலைப் பொருளாக மாறிக்கொண்டிருந்தன. ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் 1891-இல் தொடங்கிய தொழிலும் 1912-இல் உருவான மற்றொரு நிறுவனமும் பிற்காலத்தில் இணைந்து இன்றைய மோரா கத்தி நிறுவனமாயின. மோரா கத்திகளில் பெரும்பாலானவை முழு வால் கொண்டவை அல்ல. சீவுவதற்கும் செதுக்குவதற்கும் அவ்வால் போதுமானது. கோடரி உடனிருந்தவர்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

போர்க்களம் கேட்ட பல்வேலைக் கத்தி

கோடரி இல்லாத இடத்தில் கத்தியே எல்லா வேலையையும் செய்ய வேண்டிய நிலை இரண்டாம் உலகப்போரில் வந்தது. முதல் உலகப்போர்க் காலப் பதுங்குகுழிக் கத்தி குத்துவதற்கென வடிவமைக்கப்பட்டது. பசிபிக் தீவுகளின் காடுகளில் அமெரிக்கக் கடற்படை வீரர்களுக்கு அது போதவில்லை. பெட்டி திறக்கவும், கம்பி அறுக்கவும், குழி தோண்டவும், புதர் வெட்டவும் ஒரே கத்தி தேவைப்பட்டது.

1942 நவம்பரில் கடற்படைக் காலாட்படை ஏற்றுக்கொண்ட 7 அங்குல அலகுடைய கத்தி பின்னர் 'கா-பார்' என்று அறியப்பட்டது. அது அதைத் தயாரித்த நிறுவனங்களில் ஒன்றின் வணிகப்பெயர். அதன் வால் ஒடுங்கியது. ஆனால் கைப்பிடியின் கடைசிவரை சென்றது. வாலில் தோல் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து இறுக்கி, முனையில் எஃகுக் குமிழ் பொருத்தினர். தொடக்கத்தில் குமிழை மரையால் முடுக்கிய முறை, பிறகு குறுக்கே ஆணி அடிக்கும் முறைக்கு மாறியது.

விமானிகளின் கத்தி

போருக்குப் பின் உயிர்காப்புக் கத்தியின் தேவையை வரையறுத்தவர்கள் விமானிகள். வீழ்ந்த விமானத்திலிருந்து தப்பியவரிடம் உடலில் கட்டியிருப்பது மட்டுமே மிஞ்சும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜெட் விமானிகளுக்கென ஒரு கத்தி உருவாக்கப்பட்டது. பின்னர் வந்த அதன் வடிவத்தில் அலகு 5 அங்குலம்.

அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் காரணம் இருந்தது. முதுகிலுள்ள ரம்பப் பற்கள் விமானத்தின் மெல்லிய அலுமினியத் தகட்டை அறுத்து வெளியேறுவதற்கானவை. கனத்த குமிழ் சுத்தியலாகப் பயன்படும். கைக்காப்பிலுள்ள துளைகள் கத்தியைக் கம்பில் கட்டி ஈட்டியாக்க உதவும். உறையின் பையில் சாணைக்கல் இருந்தது.

பின்னாளில் இந்த உறுப்புகள் அவற்றின் காரணத்திலிருந்து பிரிந்து பரவின. மெல்லிய தகட்டை அறுக்கும் பற்கள் ஈரமான மரத்தில் தூள் அடைத்துச் சிக்கிக்கொள்ளும். ஆயினும் விமானத்தில் ஏறாதவர்களும் ரம்பப் பல் கொண்ட கத்தியே சிறந்தது என்று நம்பி வாங்கினர்.

வெற்றுக் கைப்பிடியும் திரைப்படமும்

1960-களின் தொடக்கத்தில் புளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் கத்தி செய்துவந்த போ ராண்டல், வியட்நாமில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஒருவரின் யோசனையைக் கேட்டு உள்ளீடற்ற குழாய்க் கைப்பிடி கொண்ட கத்தியை உருவாக்கினார். தீக்குச்சி, மருந்து போன்றவற்றைக் குழாய்க்குள் வைக்கலாம் என்பது அதன் பயன். ஆனால் குழாய்க்குள் பொருள் வைக்க வேண்டுமானால் அங்கே வால் இருக்க முடியாது. குட்டை வாலைக் குழாயின் வாயில் மிகக் கவனமாகப் பற்றவைத்தால்தான் அது தாங்கும்.

1982-இல் வெளியான 'ஃபர்ஸ்ட் பிளட்' திரைப்படத்தில் சில்வெஸ்டர் ஸ்டலோன் ஏந்திய கத்தியும் இவ்வகையே. அதைச் செய்தவர் ஆர்க்கன்சாவைச் சேர்ந்த ஜிம்மி லைல். கைப்பிடிக்குள் ஊசி, நூல், தீக்குச்சி, மூடியில் திசைகாட்டி. படத்தின் வெற்றிக்குப் பின் மலிவான போலிகள் சந்தையை நிறைத்தன. அவற்றில் பலவற்றின் அலகு, குழாயின் வாயில் ஒரு நட்டால் மட்டுமே முடுக்கப்பட்டிருந்தது. சில முறை ஓங்கி வெட்டினாலே நட்டு தளர்ந்து அலகு ஆடும். கழன்று பறக்கவும் கூடும். தனியாக இருக்கும் ஒருவருக்கு இதனால் இரட்டை இழப்பு: இருந்த ஒரே கருவி போகிறது, கையிலோ காலிலோ ஆழமான வெட்டும் சேர்கிறது.

சுவீடன் விமானப்படையின் தேர்வு

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது சுவீடனின் ஃபால்க்னிவன் நிறுவனம். அதன் 'எஃப்1' கத்தியை 1995-இல் சுவீடன் விமானப்படை தன் விமானிகளுக்கான உயிர்காப்புக் கத்தியாக ஏற்றது. அலகு ஏறத்தாழ 10 செ.மீ., தடிமன் 4.5 மி.மீ. ரம்பப் பல் இல்லை. கைப்பிடிக்குள் அறையும் இல்லை. அகன்ற வால் கைப்பிடி முழுவதும் ஓடி, பின்முனையில் வெளியே தெரியும்படி அமைந்தது. மோரா நிறுவனமும் 2016-இல் 'கார்பெர்க்' என்ற முழு வால் கத்தியை வெளியிட்டது.

ஆசியாவின் மாற்று விடைகள்

முழு வால் மட்டுமே ஒரே விடை என்று கொள்வதும் சரியன்று. நேபாளத்தின் குக்ரியில் முழு வால் வகையும் உண்டு; ஒடுங்கிய வாலை அரக்குப் பசையால் ஒட்டும் வகையும் உண்டு. மலேசியத் தமிழரும் 'பாராங்' என்றே அழைக்கும் மலாய் வெட்டுக்கத்தியில், ஒடுங்கிய வாலை மரக் கைப்பிடியில் பிசின் வைத்துச் செருகுவது வழக்கம். இவற்றில் எடை அலகின் முன்பகுதியில் உள்ளதால், வெட்டும் வேலையை அந்த எடையே செய்கிறது. இவை வீசி வெட்டுவதற்கானவை, நெம்புவதற்கானவை அல்ல. கைப்பிடி தளர்ந்தால் கிராமத்துக் கொல்லரே மீண்டும் பொருத்தித் தருவார். கொல்லர் எட்டாத இடத்துக்குப் போகிறவருக்கு அந்த வசதி இராது.

வரலாறு தரும் தேர்வு அளவைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து கத்தி தேர்வோருக்குச் சில தெளிவான அளவைகள் கிடைக்கின்றன.

வால்: கோடரி எடுத்துச் செல்லாதவர் கைப்பிடியின் இறுதிவரை செல்லும் அகன்ற வாலைத் தேர்வது நல்லது. முழு வாலைக் கைப்பிடியின் விளிம்பில் உலோகக் கோடாகக் காணலாம். மூடிய கைப்பிடியானால் தயாரிப்பாளர் தரும் படத்தைப் பார்க்க வேண்டும்.

அளவு: 10 முதல் 13 செ.மீ. அலகு பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். தடிமன் 3 முதல் 5 மி.மீ. தடிமன் கூடினால் உறுதி கூடும். ஆனால் சீவும் திறன் குறையும்.

எஃகு: கா-பார் கத்தியில் பயன்பட்ட, ஏறத்தாழ 0.95 விழுக்காடு கரிமம் கொண்ட எஃகு எளிதில் தீட்டப்படும். எண்ணெய் பூசாவிட்டால் துருவேறும். 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் கொண்ட துருப்பிடிக்காத எஃகு கடலோரத்துக்கும் மழைக்காட்டுக்கும் ஏற்றது. மிகக் கடினமாகப் பதப்படுத்திய எஃகு கூர்மையை நெடுநாள் காக்கும். ஆனால் பக்க அழுத்தத்தில் வாய் சிதறலாம்.

கைப்பிடியும் உறையும்: ஈரக் கையிலும் வழுக்காத பிடி, விரல் அலகின்மேல் நழுவாமல் தடுக்கும் சிறு காப்பு, தலைகீழாகப் பிடித்தாலும் கத்தியை விழவிடாத உறை ஆகிய மூன்றும் தேவை.

சட்டக் கட்டுப்பாடுகள்

இந்தியாவின் ஆயுத விதிகள், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என வடிவமைக்கப்பட்டவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளை ஆயுதமாக வகைப்படுத்துகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லில் கத்தியையும் சேர்த்துள்ளது. முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுசெல்ல அச்சட்டம் தடை விதிக்கிறது. ஆகவே முதுமலை போன்ற இடங்களுக்குச் செல்வோர் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் மடங்காத கத்தியை வைத்திருப்பது குற்றம். பயணத்துக்கு முன் அந்தந்த நாட்டின் விதிகளை அறிந்துகொள்வதும் கத்தித் தேர்வின் ஒரு பகுதியாகும்.