பாவசங்கீர்த்தனமும் முப்பதாண்டு இடைவெளியும்

கத்தோலிக்க ஆலயத்திலே பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழந்தாளிடுபவர், சிலுவை அடையாளம் வரைந்தபின் வழக்கமாகக் கூறும் முதற் செய்தி, தாம் இறுதியாகப் பாவசங்கீர்த்தனஞ் செய்து எவ்வளவு காலமாயிற்று என்பதாகும். ஒரு மாதம், ஆறு மாதம் என்று கூறுபவர்க்கு இதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் விலகியிருந்து திரும்பி வருபவர்க்கோ அம்முதல் வாக்கியமே மிகக் கடினமான வாக்கியமாகிவிடுகிறது. வேறெந்தப் பாவத்தையும் சொல்வதற்கு முன்னரே அந்த ஆண்டுத் தொகை ஒரு குற்றச்சாட்டாகி நிற்கிறது. வழிதவறிய ஆடு, ஊதாரி மைந்தன் என்னும் உவமைகள் இத்தகையோரைக் குறித்தே பிரசங்கங்களிற் பயின்று வருகின்றன. விலகிச் சென்றவன் அவனே, ஆதலின் பொறுப்பும் அவனுடையதே என்பது பொதுவான எண்ணம்.

இவ்வெண்ணம் எக்காலத்துக்கும் எல்லார்க்கும் பொருந்துமா? மனிதன் பீடத்தைவிட்டு விலகுவதுண்டு. பீடம் மனிதனிடமிருந்து அகற்றப்படுவதுமுண்டு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது வரலாற்றுக்கும் நீதியன்று, அறத்துக்கும் நீதியன்று. எமது நாட்டின் வடபகுதியில் 1658ஆம் ஆண்டுக்கும் 1687ஆம் ஆண்டுக்கும் இடையே வாழ்ந்த கத்தோலிக்க மக்களின் கதை இவ்வேறுபாட்டை நன்கு புலப்படுத்துகின்றது.

‘எவ்வளவு காலம்’ என்ற கணக்கு எங்ஙனம் தோன்றியது என்பதை முதற்கண் நோக்குவோம். ஆதிக் கிறிஸ்தவரிடையே கொடிய பாவங்களுக்குப் பகிரங்கமான பரிகாரமே வழங்கிற்று. ஒவ்வொருவரும் குருவானவரிடம் தனித்துச் சென்று, மீண்டும் மீண்டும் பாவங்களை அறிக்கையிடும் முறை ஐரிஷ் துறவிகளின் வாயிலாகவே ஐரோப்பாவில் பரவியது. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் சங்கமே அதனைச் சட்டமாக்கிற்று. பகுத்தறியும் வயதடைந்த ஆணும் பெண்ணும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தம் சொந்தக் குருவிடம் பாவங்களை அறிக்கையிடல் வேண்டும். தவறினால் வாழ்நாளில் ஆலயத்துள் நுழைய அனுமதியில்லை, இறந்தபின் கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என அச்சங்கம் விதித்தது. பதிதரைத் தேடி ஒடுக்கும் விதிகளை வகுத்ததும் இதே சங்கமே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ஆறுதல் தரும் அருட்சாதனமும் கண்காணிப்புக் கருவியும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன. புரட்டஸ்தாந்து இயக்கம் இம்முறையை மறுத்தெழுந்தபோது, 1551இல் திரெந்துச் சங்கம் அதனை மேலும் இறுக்கமாக வரையறுத்தது.

தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பயில்வோர்க்கு இவ்விடயம் தொலைவானதன்று. இயேசு சபையைச் சேர்ந்த அன்றிக் அடிகள் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் வெளிவந்தது. 1580இல் அங்கு அச்சேறியது ‘கொம்பெசியொனாயரு’ எனப் போர்த்துக்கேயப் பெயராலேயே அழைக்கப்பட்ட பாவசங்கீர்த்தனக் கைந்நூலாகும். ஆகவே, தமிழ் அச்சு எழுத்துக்கள் தோன்றிய முதல் மூன்றாண்டுகளுக்குள்ளேயே, ஒரு மனிதன் தன் குற்றத்தை எவ்வாறு சொல்லவேண்டும் எனக் கற்பிக்கும் நூல் எம் மொழியில் வந்துவிட்டது. பின்னர் நிலைபெற்ற ‘பாவசங்கீர்த்தனம்’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கதே. சங்கீர்த்தனம் என்பது இறைவன் நாமத்தை உரத்துப் புகழ்ந்து பாடுதலைக் குறித்து வந்த சொல். அதுவே இங்கு மெல்லிய குரலிற் சொல்லப்படும் குற்ற அறிக்கைக்குப் பெயராயிற்று.

இம்முறை வெறுங் கைந்நூலாக மட்டும் இலங்கைக்கு வரவில்லை. பீரங்கியின் துணையோடும் வந்தது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். கோயில்கள் இடிக்கப்பட்டன. மக்கள் திரள் திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் உள்ளத்தால் மாறியோரும் இருந்தனர். அச்சத்தால் மாறியோரும், சலுகைக்காக மாறியோரும் இருந்தனர். இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. ஆயினும் ஒரு தலைமுறை கடந்ததும், எவ்வாறு வந்ததாயினும் அம்மதம் பலருக்குத் தாய்வீட்டு மதமாகிவிட்டது. பிள்ளைகள் அதிலே பிறந்தனர். முதியோர் அதிலே இறந்தனர்.

1658 யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் யாவரும் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டிலேயே, கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை எனக் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. புதிய ஆட்சி வாளை மட்டும் நம்பவில்லை, ஏட்டையும் நம்பியது. ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளித் தோம்பிற் பதியப்பட்டன. சீர்திருத்த சபையின் ஞானஸ்நானம் இல்லாதவர்க்கு அரச உத்தியோகம் இல்லை. விவாகமும் பிள்ளைகளின் உரிமையும் கேள்விக்குரியனவாயின. சைவ மக்களும் இதே தோம்பின்கீழ் ஒரு கிறிஸ்தவப் பெயரைச் சுமந்துகொண்டு, வீட்டினுள்ளே திருநீறு பூசி வாழ்ந்தனர் என்பதை நாம் அறிவோம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேதபாடங் கற்பித்த உபாத்தியாயரே ஆட்சியின் சார்பில் அத்தோம்பையும் பேணி வந்தார். ஆசிரியத் தொழிலிலே நிற்கும் எமக்கு இச்செய்தி சற்று உறுத்தவே செய்கின்றது.

சீர்திருத்த சபையிலே குருவின் செவியில் பாவங்களை அறிக்கையிடும் வழக்கம் இல்லை. எனவே கத்தோலிக்கன் ஒருவன் சட்டத்துக்கு அஞ்சி ஞாயிறுதோறும் அங்கே சென்றிருப்பினும், தன் மதம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்யுமாறு கட்டளையிட்ட காரியத்தை அவனால் அங்கு செய்தல் இயலாது. திருச்சபையின் சட்டம் ‘ஆண்டுக்கொரு முறை செல்’ என்றது. அரசின் சட்டம் ‘செல்வதற்கு எவரையும் வைத்திராதே’ என்றது. இவ்விரு சட்டங்களுக்குமிடையே அகப்பட்டவன் சாதாரண குடிமகன். 1651இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பாவசங்கீர்த்தனஞ் செய்யவேண்டிய வயதை அவன் எட்டும் வேளையில் குருமார் இல்லை. அவன் வளர்ந்தான்; மணமுடித்தான்; பிள்ளைகளைப் பெற்றான்; பெற்றோரை அடக்கஞ் செய்தான். முப்பத்தாறு வயது வரையில் ஒரு முறையேனும் அவன் பாவசங்கீர்த்தனஞ் செய்ததில்லை. அவனை ‘விலகியவன்’ என்று அழைப்பது எவ்வளவு பொருத்தமற்றது!

குரு இல்லாத இடத்தில் மன்னிப்பும் இல்லையா என்ற கேள்வி அன்று ஏட்டுக் கேள்வியன்று. மரணப் படுக்கையின் கேள்வி. திரெந்துச் சங்கமே இதற்கு ஒரு வழியை விட்டிருந்தது. இறைவன்பால் கொண்ட அன்பினால் எழும் நிறைவான மனத்துயர், பாவசங்கீர்த்தனஞ் செய்யும் விருப்பத்தையும் உள்ளடக்கியதாயின், அச்சாதனத்தைப் பெறுமுன்னரே மனிதனை இறைவனோடு ஒப்புரவாக்கும் என அது கூறிற்று. இக்கோட்பாட்டை ஒரு மக்கட்கூட்டம் எங்ஙனம் தன் உயிர்ப்பிடியாகக் கொண்டது என்பதற்குச் சிறந்த சான்று, இதே துன்பத்தை எம்மவரினும் நெடுங்காலம் அனுபவித்த யப்பானிய கத்தோலிக்கரிடம் கிடைக்கின்றது.

யப்பானில் ஆயர் செர்க்கேயிரா 1603இல் இந்நிறைவான மனத்துயரைக் கற்பிக்கும் சிறுநூலொன்றை வெளியிட்டார். போர்த்துக்கேயச் சொல்லைத் தழுவி அது ‘கொன்ச்சிரிசான்’ நூல் எனப்பட்டது. 1614இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 1644இல் இறுதிக் குருவும் கொல்லப்பட்டார். கிறிஸ்து, மரியாள் திருவுருவங்களை மக்கள் காலால் மிதித்துத் தம் மதமின்மையை எண்பிக்க வேண்டுமென ஆட்சியாளர் வற்புறுத்தினர். மிதித்த பின்னர் வீடு திரும்பி, அம்மனத்துயர்ச் செபத்தைச் சொல்லி அழுதவர்கள் உண்டு. அந்நூல் கையெழுத்துப் பிரதிகளாகவும் மனப்பாடமாகவும் தலைமுறை தலைமுறையாக வந்தது. 1865 மார்ச் 17ஆந் திகதி, நாகசாக்கியின் ஊராவில் புதிதாக எழுந்த ஆலயத்துக்கு வந்த உராக்கமி கிராமத்து ஏழைக் குடியானவர் சிலர், தாம் யார் என்பதைப் பிரெஞ்சுக் குருவானவர் பெத்திஜானிடம் மெல்ல வெளியிட்டனர். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி அது. எனினும் எல்லாரும் திரும்பவில்லை. தம் முன்னோர் மறைவாகப் பேணிய வழிபாடே தமக்குப் போதும் என்று ஒதுங்கி நின்ற குழுக்களும் உண்டு. குருமார் இன்றி மதத்தைக் காத்தவர்கள், குருமார் வந்ததும் அவர்தம் அதிகாரத்துக்குப் பணிந்தேயாக வேண்டுமென்பதில்லை என்பதையும் அவ்வரலாறு காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்து இடைவெளி 1687இல் முடிவுற்றது. அதனை முடித்து வைத்தவர் கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகள். நாம் மேலே எண்ணிப் பார்த்த யாழ்ப்பாணத்தவனைப் போலவே அவரும் 1651இற் பிறந்தவர். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைச் சமமாக ஏற்காத காலத்தில், கோவாக் குருமார் சிலர் தமக்கெனத் தோற்றுவித்த ஒறற்றோரியன் சபையை 1685இல் ஒழுங்கமைத்தவர் அவர். அச்சபை பிராமண வகுப்பிற் பிறந்தோரின் சபையாகவே இருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். வெள்ளையரின் நிறபேதத்தால் ஒதுக்கப்பட்டவர்களும் தம் சாதிவேலியைத் தாண்டவில்லை. ஆயின், அவ்வகுப்பிற் பிறந்த அவர் இலங்கைக்கு வந்த கோலமோ கூலியாளின் கோலம். தூத்துக்குடி வழியாகக் கடல் கடந்து, சீதபேதியால் நலிந்து யாழ்ப்பாணம் சேர்ந்தார். கழுத்திலே செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சை எடுத்து, அதனை இனங்கண்டவர்கள் வாயிலாகக் கத்தோலிக்கரைத் தேடிக் கண்டார் என்பது மரபு. வெள்ளைத் தோலுடைய குரு ஒருவர் ஒரு நாள்தானும் மறைந்திருக்க முடியாத மண்ணிலே, பேரரசு இரண்டாந்தரமாக எண்ணிய கறுத்த குருவே நடமாட முடிந்தது.

சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்தும் இரவில் வெளிப்பட்டும் அவர் வீடுகளிலே பலியொப்புக் கொடுத்தார், பாவசங்கீர்த்தனங் கேட்டார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் வழங்கினார். மிலானின் அதிமேற்றிராணியார் பொரோமியோ ஒரு நூற்றாண்டுக்கு முன் வகுத்த தட்டியும் தொட்டியும் அங்கிருந்திருக்க நியாயமில்லை. பிடிபட்டாற் குருவும் தண்டனைக்குரியவர், வந்தவரும் தண்டனைக்குரியவர், வீடு கொடுத்தவரும் தண்டனைக்குரியவர். இருவரும் ஒரே அபாயத்தின்கீழ் அமர்ந்த அந்நிலையில், கேட்பவன் மேலோன், சொல்பவன் கீழோன் என்ற பழைய பிரிவு தளர்ந்திராமல் இருந்திருக்க முடியாது. நத்தார் இரவொன்றில் கூடியிருந்தோர் மீது ஒல்லாந்த வீரர் பாய்ந்து பலரைச் சிறைப்பிடித்தனர். குரு தப்பினார், தண்டனையை அனுபவித்தவர்கள் மக்கள்.

பின்னர் அவர் புத்தளத்திலும், 1692 முதல் கண்டியிலும் பணியாற்றினார். கண்டியில் போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிட்டவர்களே பின்னர் அவருக்குச் சுதந்திரம் அளித்தனர். கிறிஸ்தவ ஒல்லாந்தர் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த அரசனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் நிழல் கொடுத்தான். 1697இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரை எம்மதத்தினரென்று பாராது அடிகள் தம் கையாலேயே பேணினார். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்தார். 1711 சனவரி 16இல் வாஸ் அடிகள் கண்டியிற் காலமானார். கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகள் 1806இல், பிரித்தானியத் தேசாதிபதி மெயிற்லன்ட் காலத்திலேயே நீங்கின. 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார்.

புனிதர் ஒருவரின் புகழ் பாடுவது எமது நோக்கமன்று. நாம் கேட்பது ஒன்றே: 1687இல் திரும்பி வந்தவர் யார்? முப்பதாண்டு இடைவெளியோடு அவ்விரவுகளிற் பேசியவர்கள் எங்கும் சென்றிருந்தவர்களல்லர். அவர்கள் தம் ஊரிலேயே, தம் வயலிலும் கடலிலுமே இருந்தனர். விலக்கப்பட்டிருந்தது பாவசங்கீர்த்தனமே, திரும்பி வந்ததும் அதுவே. அது திரும்பியதும், தொட்டியில் அமர்ந்து அவர்களை அழைத்ததனாலன்று. பிச்சைக்காரனாக அவர்தம் வாசலுக்கு நடந்ததனாலேயே.

இன்றைய திருச்சபையின் ஏட்டிலும் இவ்வுண்மை ஓரளவு இடம்பெற்றுள்ளது. 1973இல் வெளியான ஒப்புரவுச் சடங்குமுறை, வருபவரைக் குரு அன்போடு வரவேற்க வேண்டும் என்கின்றது. அறிமுகமில்லாதவர் தம் இறுதிப் பாவசங்கீர்த்தனக் காலத்தோடு, கிறிஸ்தவ வாழ்வை நடத்துவதில் தாம் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளையும் கூறுதல் தகும் எனவும் அது குறிப்பிடுகின்றது. ஆண்டுத் தொகையைக் கேட்கும் பழக்கம் நிலைத்திருக்கின்றது. இடர்ப்பாட்டைக் கேட்கும் பழக்கம் எத்துணை வேரூன்றியுள்ளது என்பதைக் கத்தோலிக்கரே சிந்தித்தல் வேண்டும்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய கேள்வியுமன்று. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் பெயர்ந்த மக்களுள் மயிலிட்டியினர் தம் துறைமுகத்தை மீண்டும் கண்டது 2017 யூலையில், 27 ஆண்டுகளின் பின்னராகும். சைவரும் கத்தோலிக்கரும் வாழ்ந்த ஊர்கள் அவை. முகாமிலும் இரவல் காணியிலும் அந்நிய நாட்டிலும் கழிந்த அவ்வாண்டுகளில் கோயிலும் பள்ளியும் விளையாட்டுக் கழகமும் வாசிகசாலையும் அம்மக்களிடமிருந்து பறிபோயின. அத்தகைய ஒருவர் நரைத்த தலையோடு திரும்பி வந்து ஆலயத்திலோ பள்ளியிலோ அலுவலகத்திலோ நிற்கும்போது, அங்கே அமர்ந்திருப்பவர் ‘இத்தனை ஆண்டுகள் எங்கே போயிருந்தீர்’ என்று கேட்பது எளிது. உம்மை வரவிடாது தடுத்தது எது, அந்நாட்களில் நாங்கள் உம்மைத் தேடி வந்தோமா என்பவற்றையும் சேர்த்துக் கேட்கும் கடமை அவருக்குண்டு. 1658 முதல் 1687 வரையான முப்பதாண்டுக் கணக்கில், குற்றமற்றோர் பெயரிலே எழுதப்பட்ட கடன் மிக அதிகம். அதனைச் சரியான பெயருக்கு மாற்றி எழுதுவது வரலாறு பயில்வோரின் பணியாகும்.