பெயர் மாற்றிய கப்பல்

கடற்கொள்ளை பழங்கதை என்றே நானும் எண்ணியிருந்தேன். 1999 அக்டோபரில், சுமத்ராவிலிருந்து ஏறத்தாழ 7,000 டன் அலுமினியப் பாளங்களுடன் ஜப்பானுக்குப் புறப்பட்ட ‘அலோண்ட்ரா ரெயின்போ’ கப்பலின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

வழியில் ஏறிய கொள்ளையர், மாலுமிகள் 17 பேரையும் சில நாள் அடைத்து வைத்துப் பின் ஒரு மிதவையில் நடுக்கடலில் விட்டனர். பத்து நாள் அலைந்தோரைத் தாய்லாந்து மீன்பிடிப் படகொன்று காத்தது. கப்பலுக்கோ ‘மெகா ராமா’ என்று புதுப்பெயர்! பெயரை மாற்றினால் கப்பலும் மாறிவிடும் என்று எண்ணினர் போலும்.

நவம்பரில் இந்தியக் கடலோரக் காவற்படையும் கடற்படையும் அரபிக்கடலில் துரத்திப் பிடித்தன. கொள்ளையர் கப்பலுக்குத் தீயிட்டு மூழ்கடிக்கவும் முயன்றனர்; பலிக்கவில்லை. ஆயினும், கடற்கொள்ளைக்கென நம்மிடம் அன்று தனிச் சட்டம் இல்லை. 2003இல் மும்பை நீதிமன்றம் விதித்த ஏழாண்டுச் சிறையை 2005இல் உயர்நீதிமன்றம் நீக்கி, அவர்களை விடுவித்தது. அச்சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான்.