மூக்கு வழியே வெளிவரும் எலும்புக்கட்டி

"மூக்கறுபட்டான்" என்றால் மானம் போனது என்று அர்த்தம். 1792 மைசூர்ப் போரில் இது நிஜமாகவே நடந்தது. ஆங்கிலேயப் படையில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி, திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். பிறகு நெற்றித் தோலை எடுத்து அவருக்குப் புது மூக்கு வைக்கப்பட்டது. 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று இதைப் படத்தோடு வெளியிட்டது. அந்தப் போரின் முடிவில்தான் தருமபுரி அடங்கிய பாரமகால் கம்பெனி கைக்குப் போனது.

அன்று மூக்கை மீட்டதே சாதனை. பின்னாளில் முகத்தில் கத்தியே படாமல் மூக்குக்குள் வேலை செய்வது சாதனை ஆனது!

மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் ஆஸ்டியோமா என்ற எலும்புக்கட்டி வருவதுண்டு. இது புற்றுநோய் அல்ல. நெற்றி அறையில்தான் அதிகம். மிக மெதுவாக வளரும். பலருக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். தொந்தரவு இல்லையென்றால் கண்காணித்தாலே போதும். சளி வடியும் பாதையை அடைத்தாலோ, கண்ணைத் தள்ளினாலோ எடுத்தாக வேண்டும்.

முன்பு இதற்காகப் புருவத்தை ஒட்டியோ, மூக்கின் ஓரத்திலோ, உச்சந்தலையிலோ வெட்டித் திறந்தார்கள். தழும்பு வாழ்நாள் முழுவதும்.

1901-ல் ஹிர்ஷ்மன் என்ற ஜெர்மானியர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை மாற்றியமைத்து, பல் பிடுங்கிய குழி வழியாகக் கன்னத்து சைனஸுக்குள் பார்த்தார். ஆனால் வெளிச்சம் போதவில்லை. 1959-ல் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளால் செய்த லென்ஸ் அமைப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. 1971-ல் சி.டி. ஸ்கேன் வந்தது. ஆஸ்திரியாவின் மெஸ்ஸர்கிளிங்கர் சளி எந்த வழியாக வடிகிறது என்று ஆராய்ந்தார். 1985-ல் அமெரிக்காவின் கென்னடி இந்த எண்டோஸ்கோப் முறையைப் பரவலாக்கினார்.

பெரிய கட்டி நாசித்துவாரம் வழியே எப்படி வரும்? நுண் டிரில்லால் நடுவில் குடைவார்கள். ஓடு மட்டும் மிஞ்சியதும் உடைத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். நெற்றியின் ஓரத்தில் இருக்கும் கட்டிக்கு இன்றும் வெளிவெட்டு தேவைப்படலாம்.

1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2008-ல்தான். தினக்கூலிக்குப் போகிறவருக்குத் தழும்பு மட்டும் கணக்கல்ல, படுத்திருக்கும் நாட்களும் கணக்கு. சின்னத் துவாரத்தின் பெரிய லாபம் அதுதான்.