வன்பொருள் கடிகாரம் (லினக்சு)

வன்பொருள் கடிகாரம் என்பது கணினி அணைந்திருக்கும்போதும் தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் ஆகும். லினக்சு தொடங்கும்போது இதைப் படித்தே தன் முறைமைக் கடிகாரத்தை அமைக்கிறது.

இந்திய நேரமும் பிழையும்

இக்கடிகாரம் நேர வலயத்தைக் குறித்து வைப்பதில்லை. வழக்கமாக இதன் நேரத்தை லினக்சு அனைத்துலக நேரமாகவும், விண்டோசு உள்ளூர் நேரமாகவும் கொள்ளும். இந்திய சீர்நேரம் 82.5° கிழக்கு நெட்டாங்கின்படி அனைத்துலக நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே, இரண்டும் நிறுவப்பட்ட கணினியில் விண்டோசு காலை 10:00 என எழுதினால், லினக்சு பிற்பகல் 3:30 எனக் காட்டும். கோப்புகளிலும் எதிர்கால நேரமே பதியும். இணைய இணைப்பு இருப்பின் என்டிபி நெறிமுறை பின்னர் இதைத் திருத்தும். இணைப்பற்ற பள்ளி ஆய்வகங்களில் பிழை நீடிக்கும்.

தீர்வு

இடிசி அடைவிலுள்ள அட்ஜ்டைம் கோப்பின் மூன்றாம் வரியில், அனைத்துலக நேரமெனில் 'யூடிசி' என்றும், உள்ளூர் நேரமெனில் 'லோக்கல்' என்றும் ஆங்கிலப் பேரெழுத்துகளில் குறிக்க வேண்டும். லினக்சு மட்டுமுள்ள கணினிக்கு முன்னதே ஏற்றது.